சந்தைக் கீரையைக் கழுவ எது உதவும்: உப்பா, வினிகரா, குளோரினா, வெறும் தண்ணீரா?

கழிவுநீர் பாய்ந்த வயலிலிருந்து வரும் கொத்தமல்லி, புதினா, அரைக்கீரைக் கட்டுகளில் உருண்டைப்புழு முட்டைகளும் அமீபா, ஜியார்டியா போன்ற நுண்ணிய குடல் ஒட்டுண்ணிகளும் ஒட்டியிருக்கக்கூடும். உருண்டைப்புழு முட்டை ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது, தடித்த ஓடு உண்டு, இலையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

உப்பு, மஞ்சள் கரைத்த தண்ணீர் இலையில் இருக்கும் பூச்சிகளை வெளியேற்றும், அவ்வளவுதான். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பால் முட்டையின் ஓட்டை ஒன்றும் செய்ய முடியாது. வினிகரையும் நம்ப முடியாது. ஆய்வகங்களில் இந்த முட்டைகளை கிருமிகளைக் கொல்லும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தின் நீர்த்த கரைசலில் போட்டு வைத்தாலும் உள்ளே கரு வளர்கிறது. கால் மணி நேரம் வினிகரில் ஊறவைப்பது அதற்கு எம்மாத்திரம்! குளோரின் பாக்டீரியாவுக்கு நல்ல மருந்து. ஆனால் உருண்டைப்புழு முட்டையும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியும் அதற்கு அசையாது.

வெறும் தண்ணீர் எதையும் கொல்லாது, ஆனால் கணிசமாக அகற்றும். எப்படிக் கழுவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டை அவிழ்க்காமல் குழாயடியில் காட்டினால் உள்ளிலைகளில் தண்ணீர் படாது. முதலில் வேரையும் மண் ஒட்டிய அடித்தண்டையும் வெட்டிக் கழித்துவிடுங்கள். கீரையை ஆய்ந்து, இலைகள் தாராளமாக மிதக்கும் அளவுக்குப் பெரிய பாத்திரத்தில் போட்டு நன்றாக அலசி, கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பலரும் அப்படியே வடிதட்டில் கவிழ்க்கிறார்கள். அடியில் தங்கிய மண் மொத்தமும் மறுபடி இலைமேல் வந்து விழுகிறது. அடியில் மண் தங்குவது நிற்கும் வரை, குறைந்தது 3 முறை, தண்ணீரை மாற்றுங்கள். புதினாவின் சுருக்கங்களில் அழுக்கு பதுங்கும் என்பதால் கடைசியில் ஓடும் நீரில் விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். நறுக்குவது இதற்கெல்லாம் பிறகுதான்.

முழுப் பாதுகாப்பு சூட்டில் மட்டுமே உண்டு. 70 டிகிரிக்கு மேல் இந்த முட்டைகள் விரைவில் செத்துவிடும். பொரியல், கடைசல், மசியலில் கவலையே இல்லை. கொதித்து இறக்கிய ரசத்தில் உடனே கொத்தமல்லி தூவி மூடினாலும் சூடு போதும். ஆபத்து பச்சைச் சட்னியிலும் தயிர்ப் பச்சடியிலும்தான். சட்னிக்கு இலையை ஆவி பறக்க 2, 3 நிமிடம் வதக்கி அரையுங்கள். பச்சை மணம் கொஞ்சம் குறையும், குறைந்தாலும் பரவாயில்லை. பச்சடிக்குக் கொத்தமல்லியைத் தாளிப்பிலேயே போட்டு வதக்கி, ஆறியபின் தயிரில் சேர்க்கலாம்.

வேர் வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதாக இருந்தால், முதலில் பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.