மதுரை விமானத்தில் எந்தப் பக்க ஜன்னல்? ஏழு ஆண்டு அனுபவம்

மகள் சென்னையில் குடியேறியதிலிருந்து, ஏழு ஆண்டுகளாக மாதம் ஒருமுறையாவது மதுரைக்கும் சென்னைக்கும் பறக்கிறேன். ஜன்னல் இருக்கைக்குக் கேட்கும் கூடுதல் கட்டணத்தை அவள் வீண்செலவு என்பாள். எனக்கு அது கோபுரம் பார்க்கக் கொடுக்கும் காசு.

சென்னையிலிருந்து வரும்போது வலப்பக்கம்தான் நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, முதல் இரண்டு ஆண்டுகள் வலப்பக்க ஜன்னலான எஃப் இருக்கையையே எடுத்தேன். ஒரு நாள் கோயில் தெரியும், மறுமுறை தெரியாது. காரணம் பிடிபட நாளாயிற்று. மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஊர் அதற்கு வடக்கே. மீனாட்சி அம்மன் கோயில் சுமார் 10 கி.மீ. தொலைவு. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே இறங்கும், ஏறும். காற்று மேற்கிலிருந்து வீசினால் மேற்கு நோக்கி இறங்கும், ஊர் வலப்பக்கம். கிழக்கிலிருந்து வீசினால் ஊர் இடப்பக்கம். ஆகவே இப்போது டிக்கெட் எடுக்கும் முன் நாட்காட்டியைப் பார்க்கிறேன். அம்மியும் பறக்கும் ஆடியிலும் அதற்கு முன்பின் மாதங்களிலும் எஃப். ஐப்பசி முதல் தை வரை இடப்பக்க ஜன்னலான ஏ. மதுரையிலிருந்து கிளம்பும்போதும் இதே கணக்குதான். பங்குனி, சித்திரையில் மட்டும் காற்று சொல்பேச்சு கேட்பதில்லை.

பக்கம் சரியாக அமைந்தும் இறக்கைமேல் உட்கார்ந்தால் பயனில்லை. ஏர்பஸ் 320 விமானத்தில் ஏறத்தாழ 10 முதல் 20 வரையிலான வரிசைகளில் கீழே பார்த்தால் தகடுதான். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் எஞ்சினின் வெப்பக்காற்று காட்சியைக் கலங்கடிக்கும். எட்டாம் வரிசைக்குள் அமர்வதே என் வழக்கம். இரட்டை விசிறி வைத்த ஏடிஆர் விமானம் கிடைத்தால் விடாதீர்கள். இறக்கை தலைக்கு மேலே இருக்கும், தாழ்வாகவும் பறக்கும். ஒருமுறை கூடுதல் பணம் கட்டி வாங்கிய 'ஜன்னல் இருக்கை'யில் ஜன்னலே இல்லை, வெறும் சுவர். அன்று பட்ட ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இருக்கை வரைபடத்தை மட்டும் நம்பாமல், அதே விமானத்தில் போனவர்களிடம் விசாரித்துவிட்டு எடுங்கள்.

வழியில் திருச்சிப் பக்கம் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து திருவரங்கத்தை அணைத்துக் கிடப்பது அழகுதான். ஆனாலும் என் மனம் கடைசிப் பத்து நிமிடங்களில்தான் இருக்கும். கார்த்திகையில் கண்மாய்கள் நிறைந்திருக்கும்போது பாருங்கள். ஒவ்வொன்றும் பிறைபோல வளைந்த கரையோடு, ஒன்று நிறைந்து வழியும் மறுகால் அடுத்ததற்குப் போய்ச் சேரும்படி, சரம் கோத்ததுபோல் கிடக்கும். தரையில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தும் அந்தக் கோவையை நான் கண்டதில்லை. எந்தக் கண்மாயைப் பாதி தூர்த்து வீட்டுமனையாக்கியிருக்கிறார்கள் என்பதும் மேலிருந்து அப்பட்டமாகத் தெரிகிறது, மனம் பதைக்கிறது.

பிறகு ஊர். ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கிய நடுவில் கோபுரங்கள். கிழக்கு நோக்கி இறங்கும் நாளில், கடைசி நிமிடத்தில் திருப்பரங்குன்றம் இடப்பக்கம் மிக அருகில் வந்து நிற்கும். காலையில் வெயில் கிழக்கிலிருந்து பாறைமேல் படும்போது அது தனி அழகு. இரவு விமானத்தில் இதெல்லாம் இல்லை, விளக்குகள் மட்டும்தான்.

போன மார்கழியில் பக்கத்து இருக்கையில் உசிலம்பட்டி அம்மா ஒருவர், முதல் விமானப் பயணம். "தம்பி, கோயில் தெரியுமா?" என்று கேட்டார். எழுந்து என் ஏ இருக்கையை அவருக்குக் கொடுத்தேன். கோபுரம் வந்ததும் கண்ணாடியில் நெற்றி பதித்து இரு கைகளையும் கூப்பினார். சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் கைகளைப் பிரிக்கவில்லை.