வணிக இடத்துக்கான கேமரா அமைப்பு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

விற்பனைக் கூடம், கிடங்கு, சரக்கு ஏற்றி இறக்கும் வாயில் ஆகிய மூன்றையும் ஒருங்கே கண்காணிக்கும், கணினி வலையமைப்பு வழியே படம் அனுப்பும் ஐபி கேமரா அமைப்பொன்றை எங்கள் நிறுவனத்தில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். நேரலையில் தெரியும் படத்தைக் கொண்டு கேமராக்களை எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நேரலையில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் காட்டும். போன வாரம் குறைந்துபோன ஒரு பெட்டியைத் தேடிப் பழைய பதிவைத் திறக்கும்போதுதான் அதன் உண்மையான தரம் வெளிப்படும்.

வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது மெகாபிக்சல் எவ்வளவு என்பதைத்தான். ஆனால், அதைவிட லென்ஸ் முக்கியம். முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் தேவை என்று கண்காணிப்புக் கேமராக்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 62676-4இன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்தது. தெரிந்த முகத்தைக் கண்டுகொள்ள 125 போதும். நான்கு மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலமுடையது என்பதால், அகலமான பரப்பைக் காட்டும் 2.8 மி.மீ. லென்ஸ் பொருத்தினால் சுமார் நான்கு மீட்டரைத் தாண்டியதுமே அந்த 250 கிடைக்காமற்போகிறது. கல்லாவுக்கு மேலே அந்த லென்ஸ் பொருத்தமானது. பணம் கைமாறுவதும் எதிரில் நிற்பவரின் முகமும் ஒரே படத்தில் அடங்கிவிடுகின்றன. சரக்கு வாயிலிலோ ஆள் வந்தார் என்பது மட்டும் தெரிகிறது, யார் என்பது தெரிவதில்லை. அங்கே குறுகிய பரப்பைப் பெரிதாகக் காட்டும் 6 மி.மீ. லென்ஸ்தான் உதவும்.

கண்ணாடிக் கதவுக்கு எதிரே வைக்கும் கேமராவில், வெளிச்சமும் இருளும் கலந்த காட்சியைச் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையேல் பகல் முழுவதும் உள்ளே வருபவர்கள் கரிய உருவங்களாகவே பதிவாவார்கள். இரவில் நேரும் தொல்லை வேறு வகையானது. அகச்சிவப்பு விளக்கின் ஒளிக்குப் பூச்சிகள் வர, அவற்றைப் பிடிக்கச் சிலந்தி லென்ஸின் குறுக்கே வலை பின்ன, அந்த ஒற்றை இழை ஒளியை வாங்கித் திரை முழுவதும் வெள்ளைக் கோடாக அசைந்துகொண்டே இருக்கும். அசைவைக் கண்டால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்திருந்தால், விடிய விடியச் சிலந்தி வலைதான் பதிவாகும். விளக்கும் லென்ஸும் ஒரே மூடிக்குள் இருக்கும் டோம் கேமராவில் தூசி படிந்தாலும் படம் வெளிறிப்போகிறது. ஆகவே, துடைப்பதற்கு ஏணி எட்டும் உயரத்திலேயே பொருத்துவது நல்லது.

சேமிப்பைப் பொறுத்தவரை, ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி ஆகும். 16 கேமராக்களின் 30 நாள் பதிவுக்கு 20 டிபிக்கு மேல் தேவைப்படும். பழைய எச்.264க்குப் பதிலாக, காணொளியை இன்னும் சுருக்கும் எச்.265 முறையைப் பயன்படுத்தினால் இது ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். எங்களுக்கு நிறுவித் தந்தவர்கள் இந்தக் கணக்கை எழுத்தில் தரவே இல்லை. வாய்ச்சொல்லாகச் சொன்ன "ஒரு மாதம் நிற்கும்" என்பதை நாங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஹார்டு டிஸ்க், இடைவிடாத எழுதுதலுக்கென்றே தயாரிக்கப்படும் கண்காணிப்பு வகையாக இருப்பது அவசியம். அது பழுதானால் நேரலை எப்போதும்போல் ஓடிக்கொண்டிருக்கும், பதிவு மட்டும் நின்றிருக்கும் என்பதால், வாரம் ஒருமுறை பழைய தேதி ஒன்றைத் திறந்து பார்க்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

பொறுமையை அதிகம் சோதித்தது கடிகாரம். பில் போடும் கணினியின் நேரமும், கேமராக்களின் படத்தைப் பதிந்து வைக்கும் கருவியான என்விஆரின் நேரமும் சில நிமிடம் விலகினாலே, ஒரு பில்லுக்குரிய காட்சியைத் தேடுவது பெரும்பாடாகிவிடும். இரண்டையும் வலையமைப்பு வழியே சரியான நேரத்தைத் தரும் ஒரே என்டிபி மூலத்துடன் இணைத்த பின்புதான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

பாதுகாப்புக்கென வாங்கும் கருவியே பாதுகாப்பற்றதாகிவிடக் கூடும். 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர் எனப்படும் பதிவுக் கருவிகளையும்தான் பெருமளவில் கைப்பற்றியது. நாங்கள் கேமராக்களைத் தனி வலையமைப்பில் வைத்து, வெளியிலிருந்து விபிஎன் எனப்படும் மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக மட்டுமே பார்க்கிறோம். இணைப்பு ஏற்படச் சற்றுத் தாமதமாகிறது, பாதகமில்லை. வலையமைப்புக் கம்பி வழியே கேமராக்களுக்கு மின்சாரமும் தரும் பிஓஇ ஸ்விட்சும் என்விஆரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருப்பதால், மின்தடையின்போதும் பதிவு தொடர்கிறது.

பழுதான சில கேமராக்களுக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் கேமராக்களைப் பொருத்தியபோது, வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்க வகைசெய்யும் ஆன்விஃப் தரநிலை கைகொடுத்தது. படமும் பதிவும் உடனே கிடைத்தன. கோட்டைக் கடந்தால் எச்சரிக்கும் வசதி மட்டும் பழைய என்விஆரில் அவற்றுக்கு வேலை செய்யவில்லை. அடுத்த விரிவாக்கத்தில் கேமராக்களின் எண்ணிக்கையைக் கூட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வாயிலுக்கு இன்னும் நல்ல வெளிச்சமும், என்விஆரில் கூடுதலாக ஒரு ஹார்டு டிஸ்க்கும்தான் கேட்டிருக்கிறோம்.