டிபிஎஸ் அப்டேட் சர்வீஸ்: 16 பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை

இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில், முதியவர்களைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது போன்ற நேரடிப் பராமரிப்பு வேலைக்குச் சேர்பவர்களுக்கு டிபிஎஸ் என்னும் அரசு அமைப்பின் உயர்நிலைக் குற்றப் பின்னணிச் சான்றிதழ் தேவை. தண்டனை விவரங்களோடு, உள்ளூர்க் காவல்துறை தெரிவிக்கத் தக்கதெனக் கருதும் தகவல்களும், இத்தகைய வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் (தடைப்பட்டியல்) பெயர் உள்ளதா என்பதும் அதில் இடம்பெறும். 2024 டிசம்பரில் இதன் கட்டணம் 38 பவுண்டிலிருந்து 49.50 பவுண்டாக உயர்ந்தது. ஏஜென்சிகள் வழியாக ஷிப்ட் பார்ப்பவர்கள் இதைக் கைக்காசில் கட்ட நேரும்போது, ஒவ்வோர் ஏஜென்சிக்கும் புதிய சான்றிதழ் எடுப்பது பெருஞ்சுமையாகிவிடுகிறது.

அந்தச் சுமையைக் குறைக்க 2013 ஜூனில் வந்தது அப்டேட் சர்வீஸ். ஆண்டுக்கு 16 பவுண்டு கட்டிப் பதிவு செய்துகொண்டால், அடுத்து வேலை தருபவர் நம் ஒப்புதலோடு இணையத்தில் பார்த்து, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகுமா என்பதைக் கட்டணமின்றி உடனே தெரிந்துகொள்ளலாம். வேலையின் வகை மாறக்கூடாது; அசல் சான்றிதழையும் காட்ட வேண்டும் என்பதால் அதைப் பத்திரப்படுத்துவது அவசியம். சான்றிதழ் வழங்கப்பட்ட 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிதான் எனக்கு உறுத்துகிறது. அது தபாலில் கைக்கு வரும் நாளிலிருந்து அல்ல, அதில் அச்சிட்ட தேதியிலிருந்தே கெடு ஓடத் தொடங்குகிறது. தவறினாலோ, ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க மறந்தாலோ, மீண்டும் 49.50 பவுண்டு கட்டிப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். ஆகவே தானியங்கிப் புதுப்பிப்பைத் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது.

பணியாளருக்கு இலாபமான இந்தச் சேவை, இல்லத்தில் வாழும் முதியவருக்கு எவ்வளவு காப்பு என்று பார்த்தால் என் மதிப்பெண் குறைகிறது. தண்டனை, தடைப்பட்டியல் விவரங்கள் வாரந்தோறும் தேடப்படுகின்றன. தண்டனையில் முடியாத காவல்துறைத் தகவல்களோ ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறைதான். அதைவிட முக்கியமாக, ஏதேனும் மாறினால் இந்தச் சேவை இல்லத்துக்குத் தானாகத் தகவல் அனுப்புவதில்லை. நிர்வாகம் தேடிப் பார்த்தால்தான் தெரியும். சேர்க்கும் அன்று ஒருமுறை பார்த்துக் கோப்பை மூடிவிடும் இல்லத்துக்கு வாரந்தோறும் நடக்கும் தேடலால் என்ன பயன்?

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. வெளிநாட்டுக் குற்றப் பதிவுகள் டிபிஎஸ்ஸுக்கு எட்டுவதில்லை. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போன மாதம் வந்திறங்கியவரின் சான்றிதழ் வெறுமையாக இருப்பதற்கு, அவர் இந்த நாட்டில் வாழ்ந்திராததே காரணமாக இருக்கலாம். பராமரிப்புப் பணி விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள், கடந்த பத்தாண்டுகளில் 12 மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளின் காவல்துறைச் சான்றிதழைத் தர வேண்டியிருந்தது. மாணவர் விசாவில் வந்து பகுதிநேரமாக இதே வேலையைச் செய்பவரிடம் விசாவுக்காக அது கேட்கப்படுவதில்லை. வேலைக்கு எடுக்கும் இல்லந்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பல ஏஜென்சிகளில் ஷிப்ட் பார்ப்பவருக்கு அப்டேட் சர்வீஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே இல்லத்தில் நிலையாக இருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப்போகிறவர்கள், பணியாளர்களின் நிலையைக் கடைசியாக எப்போது இணையத்தில் சரிபார்த்தீர்கள், வெளிநாட்டுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்களா என்ற இரண்டையும் மேலாளரிடம் நேராகக் கேட்டுவிடலாம்.