ரேஸா, பிரெவேயா? இரண்டு சீசன் கழித்து நான் போட்ட கணக்கு

சைக்கிள் கிளப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களுக்கு ஒழுங்காக வந்துவிட்டால், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அடுத்து என்ன, ரேஸா, பிரெவேயா?" என்னிடம் கேட்டவர் கிளப்பின் மூத்த ஆள், எங்கள் எல்லாருக்கும் அண்ணன். நான் யோசிக்கவே இல்லை. "ரேஸ்தான் அண்ணா" என்றேன். சிரித்துக்கொண்டே, "சரி, ஓட்டிப் பாருப்பா" என்றார். இரண்டு சீசன் ஓட்டிப் பார்த்தேன். இப்போது பிரெவே பக்கம் வந்துவிட்டேன். கட்சி மாறியவன் எழுதுகிற ஒப்பீடு இது. அந்தச் சாய்வை முதலிலேயே கழித்துக்கொண்டு படியுங்கள்.

புதியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் கிளப்புகள் நடத்தும் ரேஸ்களில் அதிகம் ஓட்டக் கிடைப்பது கிரிட்டீரியம், சுருக்கமாகக் கிரிட். ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் சுற்றுப்பாதையை அடைத்து, முக்கால் மணி, ஒரு மணி நேரம் சுற்றவிடுவார்கள். முதலில் கோட்டைத் தொடுபவர் ஜெயித்தார், அவ்வளவுதான். பிரெவே என்பது நீண்ட தூர ஓட்டம். அதில் தூரமும் கெடுவும்தான் உண்டு. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. வழியில் கன்ட்ரோல் எனப்படும் சோதனை இடங்களில் கார்டில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். உதவி வண்டி பின்னால் வரக்கூடாது. சக ஓட்டக்காரர் கை கொடுக்கலாம். முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் முடிவுப் பட்டியலில் வித்தியாசம் கிடையாது.

டைம் ட்ரயல் என்று ஒன்றும் உண்டு. தனியாக, கடிகாரத்தோடு மோதுவது. நான் இரண்டே முறை ஓட்டியிருக்கிறேன். இரண்டு முறையும் முதல் பத்து நிமிடத்தில் ஆசைப்பட்டு எரித்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடம் அழுதேன். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, விட்டுவிடுகிறேன். ஸ்போர்ட்டீவ், கிரான் ஃபோண்டோ எல்லாம் நடுவில் நிற்பவை. நெஞ்சில் எண் குத்திக்கொள்ளலாம், வழியில் சாப்பாடு வைத்திருப்பார்கள், ரேஸ் மாதிரி நினைத்துக்கொண்டும் ஓட்டலாம், ஊர்வலம் மாதிரியும் போகலாம்.

ரேஸும் பிரெவேயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பாரிஸிலிருந்து பிரான்ஸின் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் 1891-இல் ரேஸாகத்தான் தொடங்கியது. ஷார்ல் தெரோன் என்பவர் சுமார் 71 மணி நேரத்தில் தூங்காமல் ஓட்டி ஜெயித்தார். தொழில்முறை ரேஸ் 1951-உடன் நின்றுபோனது. அமெச்சூர் ஓட்டம் மட்டும் தங்கிவிட்டது. இப்போது 4 வருடத்துக்கு ஒரு முறை, பெரும்பாலானவர்களுக்கு 90 மணி நேரக் கெடு. அதற்குப் போக வேண்டுமென்றால் அந்த வருடமே 200, 300, 400, 600 நான்கையும் முடித்துக் காட்ட வேண்டும்.

எளிதான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். செலவு? இரண்டிலும் சைக்கிள்தான் பெரிய செலவு. அப்புறம் ரேஸ்காரன் சக்கரத்தில் பணம் போடுவான், பிரெவேக்காரன் விளக்கிலும் பையிலும் போடுவான். ஆபத்து? கிரிட்டில் விழுந்தால் தோல் உரியும், சில சமயம் காறை எலும்பு போகும். பிரெவேயில் இரவுப் போக்குவரத்தும் தூக்கக் கலக்கமும் இருக்கின்றன. எது மோசம் என்று தராசில் வைத்துச் சொல்ல என்னால் முடியாது. ஹெல்மெட் இரண்டுக்கும் பொது.

ரேஸைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கிளர்ச்சி வேறெங்கும் கிடைக்காது. உன் முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இரண்டு தோளுக்கும் பக்கத்தில் இரண்டு தோள். மணிக்கு 40 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நீ செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. அதனால் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டால் 30 சதவீதமோ அதற்கு மேலோ மிச்சம். தனியாக 300 வாட் மிதிக்க வேண்டிய இடத்தில் 200 வாட்டோடு உட்கார்ந்திருக்கலாம். ஏதோ திருட்டுச் சவாரி போகிற மாதிரி ஒரு சந்தோஷம் அது.

வளைவு வந்ததும் அந்தச் சந்தோஷம் போய்விடும். முன்வரிசையில் இருப்பவர் வேகம் குறையாமல் வளைந்து போய்விடுகிறார். கடைசி வரிசையில் இருப்பவன் பிரேக்கைப் பிடித்து, வளைந்து, எழுந்து நின்று மிதித்து அந்த இடைவெளியை மூட வேண்டும். சுற்றுக்கு நாலு வளைவு, 25 சுற்று என்றால் 100 பாய்ச்சல். அதனால்தான் அனுபவசாலிகள் முதல் பத்து பேருக்குள் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள். பின்னால் சௌகரியமாக இருக்கலாம் என்று நினைக்கிற புது ஆள்தான் அதிகம் மிதிக்கிறான். அந்தப் புது ஆளாக நான் ஆறேழு ரேஸ் ஓட்டினேன்.

இனி என் முடிவை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன். பராமரிப்பு. சைக்கிளுடையதைச் சொல்லவில்லை, உடம்புடையதை.

இரண்டாவது சீசனில் நான் நல்ல நிலையில் இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் மூச்சு முட்டும் இன்டர்வல்: 4 நிமிடம் முழு வேகம், 4 நிமிடம் ஆசுவாசம், இப்படி ஐந்து முறை. ஒரு நீண்ட ஓட்டம், ஒரு கிளப் ஓட்டம். 5 நிமிடத்துக்கு என்னால் 310 வாட் தர முடிந்தது. அப்புறம் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனதும் வேலை வந்தது. மொத்தம் 16 நாள் சைக்கிளைத் தொடவில்லை. திரும்பி வந்து சோதித்தால் 290. வெறும் 20 வாட் தானே என்று ரேஸுக்குப் போனேன்.

ஒன்பதாவது சுற்றில், மூன்றாவது வளைவு தாண்டியதும், முன்னால் இருந்த சக்கரம் ஒரு சைக்கிள் நீளம் தள்ளிப்போனது. எழுந்து மிதித்தேன். அப்படியே இருந்தது. அடுத்த வளைவில் இரண்டு நீளம். அதற்குப் பிறகு காற்று முழுக்க என்னுடையது. கூட்டத்தின் சத்தம், அந்தக் கியர் மாறும் கடகடப்பும் பின்சக்கரத்து ஃப்ரீஹப்பின் கிர்ரென்ற ஒலியும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து என் மூச்சு மட்டும் கேட்டது. நான்கு சுற்று தனியாகச் சுற்றினேன். கூட்டம் ஒரு முழுச் சுற்று முந்திவந்து பின்னாலிருந்து என்னைப் பிடித்ததும் நடுவர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். விடியற்காலை எழுந்து, எண் குத்தி, அரை மணி நேரம் உடம்பைச் சூடேற்றி, ஓட்டியது சுமார் 20 நிமிடம்.

உடம்பின் மேல் பழி போட்டுப் பயனில்லை. பயிற்சியை நிறுத்தினால் முதலில் குறைவது இரத்தத்தின் திரவ அளவு. இரண்டு வாரத்துக்குள்ளேயே இறங்கத் தொடங்கிவிடும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் அதனால் குறைகிறது. ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவும் இரண்டு மூன்று வாரத்தில் சில சதவீதம் சரிகிறது. கிரிட்டில் கூட்டத்தோடு ஒட்டியிருப்பவனுக்கும் கழன்றுபோகிறவனுக்கும் உள்ள வித்தியாசமே அந்தச் சில சதவீதம்தான். ரேஸ் ஃபார்ம் பால் மாதிரி. காய்ச்சி, ஆற்றி, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் மறந்தால் திரிந்துவிடும்.

நீண்ட தூர ஓட்டத்துக்கு வேண்டிய அடித்தளம் இவ்வளவு கோபக்காரன் இல்லை. மாதக்கணக்கில் ஓட்டித் தசையில் வளர்ந்த நுண் இரத்தக்குழாய்கள் சில வாரத்தில் போய்விடுவதில்லை. அதைவிட முக்கியம், பிரெவே கேட்கும் வேகமே வேறு. காற்றை வெல்ல வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 25-லிருந்து 40-க்குப் போனால் அந்தப் பகுதி மட்டும் நாலு மடங்கு. 25-இல் ஓடுகிறவனுக்கு 20 வாட் குறைந்தால் வேகத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இன்னும் ஓட்டத்துக்குள்தான் இருக்கிறான். நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் கெடு கேட்பது மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரிதான். வீட்டில் விசேஷம், வேலையில் நெருக்கடி, காய்ச்சல் என்று வாழ்க்கை குறுக்கே வருகிற ஆளுக்கு இந்த இடைவெளி பெரிய விஷயம்.

ரேஸை விட்ட அடுத்த சீசனில் நடுவே மூன்று வாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே ஓட்டாமல், அதற்குப் பிறகு இரண்டு வாரம் மெதுவாக ஓட்டி, 300-க்குப் போனேன். பயந்துகொண்டேதான் போனேன். 212-ஆவது கிலோமீட்டரில், இருட்டில், பின்டயர் பஞ்சர். டியூபை மாற்றினேன். இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கியது. அப்போதுதான் புத்தி வந்தது. காரணத்தைத் தேடாமல் டியூபை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னால் வந்த அண்ணன் நிறுத்தினார். "டயருக்குள்ளே விரலை விட்டுத் தடவிப் பாரு, மெதுவா" என்றார். தடவினேன், ஒன்றும் இல்லை. பழைய டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வால்விலிருந்து அளந்து, டயரில் அதே இடத்தில் விளக்கை வைத்துப் பார்க்கச் சொன்னார். தலைமுடி அளவுக்கு ஒரு கம்பி, லாரி டயர்களிலிருந்து உதிர்கிறதே, அதுதான். உள்பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டவில்லை. டயரை மடக்கிப் பிதுக்கி நகத்தால் இழுத்தால்தான் வந்தது. மொத்தம் 50 நிமிடம் போனது. கெடுவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்க முடித்தேன். நியாயமாகச் சொன்னால் கிரிட்டிலும் பஞ்சருக்குச் சலுகை தருகிற இடங்கள் உண்டு. ஒரு சுற்று விட்டுத் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் அதற்கு மாற்றுச் சக்கரம் பாதையோரத்துப் பிட்டில் தயாராக இருக்க வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் ஒரே ஜோடி.

பிரெவேயின் குறைகளையும் மறைக்கக்கூடாது. அது நாளை விழுங்குகிறது. கிரிட் ஓட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். 300 ஓட்டினால் அந்த நாளும் போகும், மறுநாள் நீ வீட்டில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். மாதம் ஒரு முறைதான் என்று வீட்டில் சமாதானம் சொல்லியிருக்கிறேன், இன்னும் முழுதாக ஏற்கப்படவில்லை. அப்புறம் கை. அந்த 300-க்குப் பிறகு சுண்டுவிரலும் பக்கத்து விரலும் பத்து நாள் மரத்திருந்தன. ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில் ஓடும் நரம்பு நசுங்குவதுதான் காரணம். பாரை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, தடித்த டேப் சுற்றி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றப் பழகியதும் குறைந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்ற அந்தக் காலைகள் நினைவில் இருக்கின்றன.

இன்னொன்று. பிரெவே மட்டுமே ஓட்டுகிறவர்களிடம் கூட்டத்தில் ஓட்டும் ஒழுங்கு கொஞ்சம் தளர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். குழியைக் கை காட்டுவது, நேர்கோடு பிடிப்பது, எழுந்து நிற்கும்போது சைக்கிளைப் பின்னால் தள்ளாமல் இருப்பது, இதெல்லாம் எனக்கு ரேஸ்தான் கற்றுக்கொடுத்தது. இரவில் ஆறு பேர் வரிசை கட்டி எதிர்காற்றில் போகும்போது அந்தப் பாடம் கைகொடுக்கிறது. அதனால் கிளப்பில் புதிதாகச் சேரும் இருபது வயதுப் பையனோ பெண்ணோ என்னிடம் கேட்டால், ஒரு சீசனாவது கிரிட் ஓட்டு என்றுதான் சொல்வேன். வாரத்துக்குப் பத்து மணி நேரம் தடையில்லாமல் கிடைக்கிற வயதில் அந்தப் பாலைக் காய்ச்சிப் பார்த்துவிடலாம். நாற்பதை நெருங்கி, வாரம் ஆறு மணி நேரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நேரே 200-க்கு வாருங்கள்.

என் கணக்கில் ஓட்டை உண்டு. நான் 400 வரைதான் ஓட்டியிருக்கிறேன். 600 என்றால் வழியில் எங்கே, எவ்வளவு நேரம் தூங்குவது என்ற கேள்வி வந்துவிடுகிறது. அங்கே கால்களைவிடத் தூக்கமும் வயிறும்தான் ஆளை நிறுத்துகின்றன என்கிறார்கள் முடித்தவர்கள். உடம்பின் பராமரிப்பைப் பற்றி நான் மேலே சொன்னது அங்கேயும் நிற்குமா என்று அடுத்த மாதம் பார்க்க வேண்டும். அண்ணன் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். விடியற்காலை 2 மணிக்கு எங்கே படுப்பது என்று கேட்டதற்கு, "தூக்கம் வர்ற இடத்துல" என்றார். நான் ஒரு கூடுதல் பேட்டரியும், இந்த முறை நாலு டியூபும், நகவெட்டியோடு வரும் சின்ன இடுக்கியும் எடுத்து வைத்திருக்கிறேன்.