பழைய டெஸ்க்டாப் வாங்கும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு: பெயர் மாற்றிய கிராபிக்ஸ் கார்டு விற்கிறார்கள்

கோத்தகிரியில் ஒரு வீட்டுக்குப் போன மாதம் வந்த கணினி. ஐ5, 8 ஜிபி ராம், "என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, உபுண்டு போட்டே தர்றோம்" என்று சொல்லி (உபுண்டு என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ்), கார்டுக்கு மட்டும் தனியாக 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கடையில் திரை நன்றாகவே வந்தது. வீட்டில் என்விடியா 535 டிரைவரை (கார்டை ஓட்டும் மென்பொருள்) போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் திரை 1024×768-இல் நின்றுவிட்டது. வீடியோ ஓடவிட்டால் சிபியு மொத்தமும் அதற்கே போகிறது. கடைக்குப் போன் செய்தால், "லினக்ஸ்னா அப்படித்தான் சார், விண்டோஸ் போட்டுக்கோங்க." மறுநாள் வேறு காரணம்: "மலையில ஈரம் ஜாஸ்தி, அதான்."

இரண்டும் பொய். கார்டில் இருந்தது 2010-இல் வெளிவந்த, ஃபெர்மி தலைமுறை ஜிடிஎஸ் 450-இன் ஜிஎஃப்106 (GF106) சிப். ஸ்டிக்கரிலும் டப்பாவிலும் கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான பயாஸிலும் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நிஜமான 1050 டிஐ 2016-இல் வந்தது. அதில் கணக்கிடும் கோர்கள் 768, இதில் 192. மெமரியும் 1 ஜிபிதான்.

கடையில் ஏன் பிடிபடவில்லை என்றால், அங்கே ஓடியது லினக்ஸின் மையமான கெர்னலோடு வரும் நூவோ (nouveau) டிரைவர். அது எந்தப் பெயரையும் நம்பாமல் சிப்பைப் பார்த்து ஓட்டும். வேகம் குறைவு, ஆனால் டெஸ்க்டாப் திறக்கும். என்விடியா டிரைவரைப் போட்டால் நூவோ தடுக்கப்பட்டுவிடும். புதிய டிரைவரோ இந்தச் சிப்பை ஏற்காது. ஃபெர்மி தலைமுறைக்கு என்விடியா டிரைவரின் 390 கிளைதான் கடைசி, அதற்கான ஆதரவு 2022-ஓடு முடிந்தது. ஓட்ட ஆளில்லாமல் படம் வரையும் வேலை எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழியாக சிபியு தலையில் விழுகிறது. விண்டோஸ் போட்டாலும் 2010 சிப் 2016 சிப்பாகிவிடாது.

காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். உபுண்டு ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) எழுதிய 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், கால் மணி நேர வேலை. கடைக்காரர் போட்டு வைத்ததில் பார்க்காதீர்கள், உங்கள் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் சூடோ சேர்த்து டி-எம்-இ-எஸ்-ஜி (sudo dmesg) கட்டளையைக் கொடுத்து, நூவோ என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். சிப்பின் பெயர் ஜிபி107 (GP107) என்று வந்தால் அது 1050 டிஐ-யில் வரும் சிப்தான் (சாதாரண 1050-இலும் இதே சிப்தான்). ஜிஎஃப் (GF) என்று தொடங்கினால் ஃபெர்மி, ஜிகே (GK) என்றால் கெப்ளர், ஜிஎம் (GM) என்றால் மேக்ஸ்வெல், எல்லாமே பழைய தலைமுறைகள். அதே இடத்தில் நிஜ மெமரி அளவும் எம்ஐபி (MiB) கணக்கில் இருக்கும். இந்த கார்டில் 1024, அதாவது 1 ஜிபி, என்று வந்தது. எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அது அடையாள எண்ணை வைத்துப் பெயர் சொல்கிறது, அந்த எண்ணையும் மாற்றி வைத்திருக்கலாம்.

பென்டிரைவ் கையில் இல்லையா? கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 1050 டிஐ சிப்பில் அனலாக் வெளியீடே கிடையாது. 15 துளை உள்ள நீல விஜிஏ போர்ட் இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அசல் கார்டிலும் செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்க்கும் பாதுகாப்பு) இயங்கும்போது கையொப்பமில்லாத டிரைவர் ஏறாது, இதே 1024×768தான் வரும். அப்போது சாவி நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி கிடைக்கும். போலி கார்டுக்கு வந்தது வேறு: "390 லெகசி டிரைவர் வேண்டும்". சண்டைக்குப் போகும் முன் எந்த வரி வந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஈரம் பற்றி: ஆடி மாத மழையில் இங்கே கார்டின் பொன்முலாம் பூசிய முனைகளில் படலம் படிவது உண்மைதான். அதனால் கார்டு கண்டுபிடிக்கப்படாமல் போகும், திரை விட்டு விட்டு வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டுச் செருகினால் சரியாகும். ஆனால் எந்தப் பனியும் ஜிபி107-ஐ ஜிஎஃப்106 ஆக்காது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், என்விடியா டிரைவர் பொதிகளை ஆப்ட் பர்ஜ் (apt purge) கட்டளையால் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள், நூவோ திரும்பிவிடும். அதைவிட நல்லது, கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டு போர்ட்டில் செருகுவது. பழைய ஐ5-களில் பெரும்பாலும் இன்டெல் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தனி டிரைவர் தேவையில்லை. படிப்பு, பில் போடுவது, வீடியோ பார்ப்பது எல்லாவற்றுக்கும் அது தாராளம். கார்டு கட்டாயம் வேண்டுமென்றால் ஏஎம்டி ஆர்எக்ஸ் 560, 570 பக்கம் போங்கள், டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. அசல் 1050 டிஐ-க்கே என்விடியா டிரைவரின் 580 கிளைதான் கடைசி. அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

பில்லில் "கிராபிக்ஸ் கார்டு 1" என்று எழுத விடாதீர்கள். மாடல், சிப் பெயர், மெமரி, சீரியல் எண் நான்கையும் எழுதி வாங்குங்கள். நூவோ வரிகளைப் போட்டோ எடுத்து பில்லோடு வைத்திருங்கள். கடை பணம் தர மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கோத்தகிரி கார்டுக்கு இன்னும் பணம் வரவில்லை. "கோயம்புத்தூர் சப்ளையரைக் கேட்கணும்" என்கிறார்கள். பில் போட்டுக் கொடுத்தது இந்தக் கடை, பதில் சொல்ல வேண்டியதும் இதே கடைதான்.