எட்டாண்டுகளில் ஐந்து முறை இருண்ட திரை: ஒரு மடிக்கணினியுடன் என் அனுபவம்

மன்னார்குடியில் பாமணியாற்றுக்கு அருகே, வீட்டின் முன்னறையிலேயே அழைப்பிதழ், நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் ஆகியவற்றுக்கு டிடிபி செய்து கொடுப்பவன் நான். 2017 ஆடித் தள்ளுபடியில் வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினிதான் இன்றும் என் பிழைப்புக்கு ஆதாரம். இந்த எட்டாண்டுகளில் அதன் திரை ஐந்து முறை இருண்டு போயிற்று. ஐந்து முறையும் காரணம் வேறு; ஒருமுறைகூடத் திரை பழுதாகியிருக்கவில்லை. கடைக்கு எடுத்துப் போனால் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் "பேனல் மாத்தணும்" என்பதாகவே, அதாவது திரையையே மாற்ற வேண்டும் என்பதாகவே, இருப்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் முறை கஜா புயலின்போது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையைக் கடந்த பிறகு, சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்தி எங்கள் தெருவுக்கு மின்சாரம் கொடுக்கப் பல நாட்கள் ஆயின. குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகைக்குக் கொண்டுவந்த ஜெனரேட்டரில், தெருவிலுள்ளோரின் செல்போன்களோடு என் மடிக்கணினியையும் சார்ஜ் போட்டேன். மறுநாள் பொத்தானை அழுத்தியபோது விசிறி ஓசையும் இல்லை, திரையில் வெளிச்சமும் இல்லை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு, பவர் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடித்த பிறகு மீண்டும் பொருத்தியதும் ஒன்றுமே நடக்காததுபோல் இயங்கத் தொடங்கியது. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது, கணினியின் மின்சுற்றுப் பலகையான போர்டில் மின்வழங்கலை மேற்பார்வை செய்யும் சிறு சில்லு நின்ற இடத்திலேயே நின்றுவிடுவதுண்டு. மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டம் வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும். பேட்டரி உள்ளேயே பொதிந்துள்ள கணினிகளிலும், சார்ஜரை நீக்கிவிட்டுப் பொத்தானை இதேபோல் அழுத்திப் பிடிப்பது பலவற்றில் பலன் தருகிறது.

அதன் பிறகு ஒரு பழக்கம் ஏற்பட்டது. திரை இருண்டால் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பார்ப்பேன். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே விழித்திருக்கிறது, படம் மட்டும் கண்ணுக்கு வரவில்லை என்று பொருள். விளக்கு அசையாவிட்டால் கணினியே இன்னும் தொடங்கவில்லை. எதைத் தேடுவது என்பது இந்த ஒரு தட்டிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

2020 கார்த்திகை அடைமழையில், விசிறி சுழன்றது. கேப்ஸ் லாக் அசையவில்லை. ஒரு வாரமாகச் சுவரே வியர்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. சந்தேகம் நினைவகத்தின் மேல், அதாவது ராம் அட்டையின் மேல் விழுந்தது. பேட்டரியை நீக்கி, அடிமூடியைத் திறந்து, கையை இரும்பு பீரோவில் ஒருமுறை தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, அட்டையைக் கழற்றினேன். பொன்னிறத் தொடுமுனைகளில் மங்கலாக ஒரு படலம் படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுச் செருகியதும் திரை வந்தது. நெல் விளையும் ஊர் என்பதாலோ என்னவோ, ஈரம் என்று சொன்னவுடன் அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொன்னவர்கள் பலர். அரிசியின் மாவுத்தூள் துளைகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும் என்பதைத் தவிர அதில் கிடைக்கப் போவது எதுவுமில்லை.

அதிக அலைச்சல் கொடுத்தது 2022 ஆவணியில் வந்த மூன்றாவது முறைதான். மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டிய திருமண அழைப்பிதழ் பாதியில் நிற்கையில் திரை அணைந்தது. கேப்ஸ் லாக் ஒழுங்காக எரிந்தது. முன்னறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், தண்ணீருக்கடியில் கிடக்கும் காகிதம்போல, "நிகழும் மங்களகரமான சுபகிருது வருடம்" என்ற வரி மங்கலாகத் தெரிந்தது! எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னாலுள்ள எல்இடி வரிசைதான் அதற்கு வெளிச்சம் தருகிறது. ஆக, படம் வருகிறது, பின்னொளிதான் வரவில்லை என்பது உறுதியாயிற்று. எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து, விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி, டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த பட்டியலில் வெளித்திரையைத் தேர்ந்தெடுத்தேன். அழைப்பிதழை 32 அங்குலத்தில் முடித்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் வீட்டார் எழுத்துப்பிழை பார்க்க அவ்வளவு வசதி அதற்கு முன்பும் பின்பும் அமைந்ததில்லை.

மறுநாள் ஒரு கடையில் கொடுத்தபோது, திறந்துகூடப் பாராமல், "பேனல் போயிடுச்சுண்ணே, ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூடியை மெல்லத் தாழ்த்தினால் ஏறத்தாழ பாதி மூடிய நிலையில் வெளிச்சம் பளிச்சென்று வந்து போவதை முந்தைய இரவே கவனித்திருந்தேன். பேனலே போயிருந்தால் மூடியின் கோணத்துக்கேற்ப வெளிச்சம் வந்து போகக் காரணமில்லை. போர்டிலிருந்து திரைக்குச் செல்லும் மெல்லிய கம்பிக்கொத்து கீல் வழியாகவே போகிறது; திறந்து மூடித் திறந்து மூடி அதனுள் ஓரிழை அறுந்தாலும் பின்னொளி நின்றுவிடலாம். இன்னொருவரிடம் இதை விளக்கிக் கம்பியை மட்டும் மாற்றச் சொன்னேன். கூலியோடு 1,400 ரூபாய். அன்று முதல் மூடியை ஓரத்தைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்தே திறக்கிறேன்.

நான்காவது, ஒரு விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு வந்த வெறும் கறுப்புத் திரை. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திரையில் படம் காட்டும் மென்பொருளான காட்சி இயக்கி மீளத் தொடங்கும்; ஒரு 'பீப்' ஒலியும் திரையில் ஒரு சிமிட்டலுமாக அத்துடன் முடிந்தது. இங்கே சொல்வது ஆங்கில 'பி ஃபார் பால்' (B). முன்பு சொன்னது 'பி ஃபார் பேனா' (P). என் மனைவியிடம் தொலைபேசியில் சொல்லிக் குழப்பியிருக்கிறேன்.

ஐந்தாவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு, கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை அடிக்க வந்த பெரியவர் எதிரில் அமர்ந்து பேசும்போதெல்லாம் திரை அணைவதும், அவர் எழுந்தால் வருவதுமாக இருந்தது. கம்பிக்கொத்து, ராம், இயக்கி என்று மனத்துக்குள் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டேன். அவர் தம் செல்போனை விசைப்பலகையின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதன் மடிப்பு உறையின் தாழில் காந்தம் இருந்தது. மூடியிலுள்ள சிறு காந்தத்தை உணர்ந்துதான் மடிக்கணினி தான் மூடப்பட்டதை அறிகிறது. உறையின் காந்தமும் அதற்கு ஒன்றுதான். "தம்பி, நான் வந்தா உங்க மிஷின் தூங்கிடுதே" என்று அவரே சிரித்தார். செல்போனை அலமாரிக்கு மாற்றிவிட்டுப் பத்திரிகையை முடித்தோம்.