பழைய பைப்பின் வயது: வெள்ளி வளையமா, மர முத்திரையா?

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017-இல் மூடிவிட்டது. ஆனாலும் அங்கே வாங்கிய பழைய புகையிலைப் பைப்புகள் சிங்கப்பூர் வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. வயதை எதை வைத்துப் பார்ப்பது? பைப்பைச் சுற்றியுள்ள வெள்ளி வளையத்தின் முத்திரைகளையா, மரத்தில் பதித்த தயாரிப்பாளர் முத்திரையையா?

செலவு: இரண்டுக்கும் ஒரு பூதக்கண்ணாடி போதும்.

துல்லியம்: வெள்ளிக்கே என் ஓட்டு. பிரிட்டிஷ் வளையத்தில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால் 925 வெள்ளி, அதாவது 92.5% தூய்மை. வெள்ளியைச் சோதித்த நகரம் நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்திலுள்ள ஆண்டெழுத்து சோதித்த வருடத்தையே காட்டிவிடும். அந்த எழுத்துகள் சுழன்று திரும்ப வரும் என்பதால், எழுத்தின் பாணியையும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் அந்த நகரின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மர முத்திரை பெரும்பாலும் காலகட்டத்தைத்தான் சொல்லும். ஆனால் டன்ஹில் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பைப்பில் நாட்டின் பெயரை ஒட்டிய சிறிய எண் ஆண்டைத் தரும்.

நம்பகம்: வளையம் பிற்பாடு மாற்றப்பட்டதாக இருக்கலாம். மர முத்திரை கைபட்டே தேயும். உப்புத்தாள் போட்டால் அவ்வளவுதான், போச்சு! (கருத்த வெள்ளியையும் அழுத்தித் தேய்க்காதீர்கள்.)

சரி, விற்பனைக்கோ காப்புறுதிக்கோ ஆண்டு வேண்டுமா? வெள்ளியைப் பாருங்கள். தயாரிப்பாளர் யார் என்று தெரிந்தால் போதும் என்றாலோ, வளையமே இல்லை என்றாலோ, மர முத்திரைதான்.